23 பெரிதா, 18 பெரிதா?

திண்டிவனத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து ஒரு பெண் நீர்க்கடுப்போடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சல் இல்லை. ஆனால் சற்றைக்கொரு தரம் எழுந்து போக வேண்டியிருக்கிறது, போனால் எரிகிறது. மருந்துக்கடையில் சொல்லி வாங்கிப் போட்ட மாத்திரை இரண்டு நாள் அடக்கி வைத்தது. அப்புறம் எரிச்சல் திரும்பிவிட்டது. முண்டியம்பாக்கத்தில் உள்ள அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிறார். 2010-இல் தொடங்கிய கல்லூரி அது. சென்னையிலிருந்து திருச்சி சாலையில் வந்தால் விக்கிரவாண்டியைத் தாண்டி, விழுப்புரத்துக்கு முன்னால் வரும். டாக்டர் 'யூரின் கல்ச்சர்' எழுதித் தருகிறார். ரிசல்ட் வர இரண்டு நாள் ஆகும்.

அந்த இரண்டு நாளும் வீணாகக் காத்திருக்கும் நேரம் என்று நினைக்க வேண்டாம். முதல் நாள், அளவு குறித்த கம்பி வளையத்தால் துளி சிறுநீரை எடுத்து அகர் பிளேட்டில் இழுத்து இன்குபேட்டரில் வைக்கிறார்கள். மறுநாள் காலை கொத்துக் கொத்தாகக் கிருமி வளர்ந்திருக்கும். அது எந்தக் கிருமி என்று பார்த்து, அதிலிருந்து எடுத்து இன்னொரு பிளேட்டில் பரப்பி, மேலே மருந்தேற்றிய காகித வில்லைகளை வைக்கிறார்கள். அதற்கு இன்னோர் இரவு. அதன் மறுநாள்தான் டெக்னீஷியன் பிளேட்டைக் கவிழ்த்து, கறுப்புப் பின்னணியில் பிடித்து, ஸ்கேலை வைத்துப் படிக்கிறார். நம் பெண்ணின் பிளேட்டில் ஈ. கோலை வெளிர்ப் படலமாகப் பரவியிருக்கிறது. சில வில்லைகளைச் சுற்றி மட்டும் படலம் இல்லை, தெளிந்த வட்டம். சிப்ரோஃப்ளாக்சசின் வில்லையைச் சுற்றிய வட்டத்தின் விட்டம் 23 மில்லிமீட்டர். நைட்ரோஃபியூரன்டாயினுக்கு 18.

யாரிடம் காட்டினாலும் 23-ஐத்தான் கை காட்டுவார்கள். பெரிய வட்டம் என்றால் கிருமி அதிக தூரம் விலகி நிற்கிறது. ஆகவே அந்த மருந்துதான் பலசாலி. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ரிப்போர்ட்டில் 18-க்கு நேரே 'எஸ்' என்று இருக்கும். மருந்து கேட்கும் என்று பொருள். 23-க்கு நேரே 'ஐ', அதாவது நம்பிக்கையோடு சொல்ல முடியாத இடைநிலை. ஏன் இப்படி என்பதுதான் இந்த அத்தியாயம். மருந்துகளையும் கிருமிகளையும் ஆய்வகத்தில் ஒப்பிடுவதன் அடிப்படையே இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. இது புரியாமல் வட்டங்களை அளப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருப்பதால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

முதலில் பிளேட். அதில் உள்ள ஊட்டக்கூழுக்கு முல்லர்–ஹின்டன் அகர் என்று பெயர். 1941-இல் வேறொரு கிருமியை வளர்ப்பதற்காக உருவாக்கியது. மாட்டிறைச்சிச் சாறும் பால் புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்த கலவை. அதன் தடிமன் 4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மெலிந்துவிட்டால் மருந்து பக்கவாட்டில் அதிகம் பரவி வட்டம் பெருக்கும். தடித்துவிட்டால் வட்டம் சுருங்கும். கிருமியை உப்புநீரில் கரைத்து, மெக்ஃபார்லண்ட் 0.5 என்கிற கலங்கல் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அந்தக் கலங்கலில் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 15 கோடி பாக்டீரியா இருக்கும். பஞ்சுக் குச்சியை அதில் நனைத்து, குழாயின் உட்சுவரில் அழுத்திப் பிழிந்து, பிளேட் முழுவதும் மூன்று திசையில் தேய்க்க வேண்டும். பிறகு 6 மில்லிமீட்டர் வில்லைகளை இடுக்கியால் வைத்து மெல்ல அழுத்த வேண்டும். வைத்த இடத்திலிருந்து நகர்த்தவே கூடாது, தொட்ட நொடியே மருந்து இறங்க ஆரம்பித்திருக்கும். கால் மணிக்குள் பிளேட் இன்குபேட்டருக்குள் போக வேண்டும்; 35 டிகிரி செல்சியஸ், 16 முதல் 18 மணி நேரம்.

வில்லை டப்பாக்களை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் திறக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். இல்லையென்றால் காற்றின் ஈரம் வில்லையில் படிந்து, இமிபெனம் போன்ற மென்மையான மருந்துகள் கெட்டுவிடும். கெட்ட வில்லையைச் சுற்றி வட்டம் சிறுக்கும். அதைப் படிப்பவர் கிருமி மருந்தை எதிர்க்கிறது என்று எழுதிவிடுவார். கடலோரத்துக்குப் பக்கத்தில் உள்ள, காற்றில் ஈரம் மிகுந்த மாவட்டத்தில் இந்தச் சின்ன விதியை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

வட்டம் எப்படி விழுகிறது? வில்லையிலிருந்து மருந்து அகருக்குள் நாலாபுறமும் ஊர்ந்து போகிறது. தூரம் போகப் போக அதன் அடர்த்தி குறைகிறது. அதே நேரத்தில் பாக்டீரியா பெருகிக்கொண்டிருக்கிறது. ஈ. கோலைக்கு ஊட்டம் நிறைய இருந்தால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஓரிடத்தில் கிருமி கூட்டம் கூடுவதற்கு முன் போதுமான மருந்து வந்து சேர்ந்துவிட்டால் அந்த இடம் தெளிவாக நிற்கும். கூட்டம் முந்திக்கொண்டால் படலம் விழும். வட்டத்தின் விளிம்பு எங்கே என்பது முதல் சில மணி நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது. நாம் மறுநாள் காலை அளப்பது அந்தப் போட்டியின் முடிவை.

அப்படியானால் விட்டத்தைத் தீர்மானிக்கிற காரணங்களில் மருந்தின் வீரியம் ஒன்று மட்டுமே. மருந்தின் மூலக்கூறு சிறிதா பெரிதா, தண்ணீரில் கரையுமா, அகரோடு ஒட்டுமா, வில்லையில் எத்தனை மைக்ரோகிராம் ஏற்றியிருக்கிறார்கள், கிருமி எவ்வளவு வேகமாக வளர்கிறது எல்லாம் சேர்ந்ததுதான் அந்த எண். இதற்கு நேரடியான சாட்சி ஆய்வகத்திலேயே இருக்கிறது. தரம் பார்ப்பதற்காக உலகெங்கும் ஒரே ஈ. கோலை வகையை வளர்க்கிறார்கள். அதன் எண் ஏடிசிசி 25922. வழக்கமாகச் சோதிக்கும் மருந்துகளை எதிர்க்கத் தெரியாத கிருமி அது. ஜென்டாமைசின் வில்லைக்கு அது 19 முதல் 26 மில்லிமீட்டர் வட்டம் தர வேண்டும், செஃபோடாக்சைமுக்கு 29 முதல் 35. இரண்டு மருந்தும் அதை நன்றாகவே ஒடுக்குகின்றன. வட்டம் மட்டும் வேறு வேறு.

சந்தையில் மல்லிகையை முழம் போட்டு வாங்குகிறோம், நெல்லை மூட்டைக் கணக்கில் விற்கிறோம். ஐந்து முழம் பூ மூன்று மூட்டை நெல்லைவிட அதிகம் என்று யாரும் சொல்வதில்லை. ஒவ்வொரு மருந்துக்கும் அப்படித் தனி அளவுகோல் உண்டு. அதை உருவாக்கும் வேலையைத்தான் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாவர், கிர்பி, ஷெரிஸ், டர்க் ஆகிய நால்வரும் செய்து 1966-இல் வெளியிட்டார்கள். அதுவரை ஒவ்வொரு ஆய்வகமும் ஒவ்வொரு விதமாக வில்லை வைத்துக்கொண்டிருந்தது. அவர்கள் ஊட்டக்கூழ், கிருமியின் அளவு, வில்லையின் வீரியம் எல்லாவற்றையும் கட்டிப்போட்டு, ஒவ்வொரு மருந்துக்கும் எத்தனை மில்லிமீட்டர் என்றால் கேட்கும், எத்தனைக்குக் கீழே என்றால் கேட்காது என்று அட்டவணை தந்தார்கள். கிர்பி–பாவர் முறை என்கிற பெயரில் இன்றும் நடப்பது அதுதான்.

அட்டவணை மாறாதது என்றும் இல்லை. ஈ. கோலை குடும்பத்துக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் வட்டம் 21 மில்லிமீட்டர் இருந்தாலே போதும் என்று ஒரு காலத்தில் விதி இருந்தது. அந்த அளவில் கேட்கும் என்று எழுதிக் கொடுத்த நோயாளிகளில் சிலருக்கு மருந்து கேட்கவில்லை. லேசாக எதிர்க்கப் பழகிய கிருமிகள் அந்தக் கோட்டுக்கு உள்ளேயே ஒளிந்திருந்தன. அமெரிக்கத் தர நிறுவனமான சிஎல்எஸ்ஐ 2019-இல் கோட்டை 26-க்கு உயர்த்தியது. நம் பெண்ணின் 23 முன்பு 'எஸ்' ஆகியிருக்கும், இப்போது 'ஐ'. நைட்ரோஃபியூரன்டாயினுக்குக் கோடு 17. அவருடைய 18 அதைத் தாண்டிவிட்டது. இதற்குப் பின்னால் இன்னொரு காரணமும் உண்டு. நைட்ரோஃபியூரன்டாயின் ரத்தத்தில் தங்காமல் விரைவாகச் சிறுநீரில் வந்து குவிகிற மருந்து. சிறுநீர்ப்பையில் இருக்கும் கிருமிக்கு அது எமன். கிருமி சிறுநீரகத்துக்கோ ரத்தத்துக்கோ ஏறியிருந்தால் அதே 18 மில்லிமீட்டரால் பயனில்லை.

சிறுநீரில் இருந்தது ஈ. கோலையாக இல்லாமல் புரோட்டியஸாக இருந்திருந்தால் இந்த மருந்தை எடுத்தே பார்க்க வேண்டியதில்லை. புரோட்டியஸ் பிறவியிலேயே நைட்ரோஃபியூரன்டாயினுக்கு அடங்காது. மருந்துகளை ஒப்பிடுவதோடு கிருமிகளையும் ஒப்பிட வேண்டும் என்பது இங்கேதான் வருகிறது. இந்த ஒப்பீட்டைப் பென்சிலினை வைத்து முதலில் செய்து காட்டியவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங். 1928-இல் பூஞ்சை விழுந்த பிளேட்டைப் பார்த்த கதை எல்லோருக்கும் தெரியும். அதைவிட எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்து அவர் செய்தது. அகரில் ஒரு வாய்க்கால் வெட்டி, பூஞ்சைச் சாறு கலந்த அகரால் நிரப்பி, அதற்குக் குறுக்காக வெவ்வேறு பாக்டீரியாக்களைக் கோடு கோடாக இழுத்தார். ஸ்டஃபைலோகாக்கஸ் வாய்க்காலுக்கு வெகு தூரத்திலேயே நின்றுவிட்டது. ஈ. கோலையும் அப்போது இன்ஃப்ளூயென்சா பேசில்லஸ் என்று அழைக்கப்பட்ட கிருமியும் வாய்க்கால் கரைவரை வளர்ந்தன. 1929-இல் வெளிவந்த அவருடைய கட்டுரை, இந்த வேறுபாட்டைப் பயன்படுத்தி இன்ஃப்ளூயென்சா பேசில்லஸை மற்றக் கிருமிகளிலிருந்து பிரித்தெடுக்கலாம் என்பதைத் தலைப்பிலேயே சொல்லியது.

ஏன் ஒன்று செத்தது, இன்னொன்று தப்பியது? பென்சிலின் பாக்டீரியாவின் செல்சுவரைக் கட்டுகிற நொதிகளைப் பிடித்துக்கொள்கிறது. சுவர் கட்டும் வேலை நின்றால், பெருகிக்கொண்டிருக்கும் செல் உள்ளழுத்தம் தாங்காமல் வெடிக்கும். ஸ்டஃபைலோகாக்கஸுக்குத் தடித்த சுவர்தான் வெளிப்புறம். பென்சிலின் நேரே போய்த் தாக்கலாம். ஈ. கோலைக்குச் சுவர் மெல்லியது, ஆனால் அதற்கு வெளியே இன்னொரு சவ்வு இருக்கிறது. அதில் உள்ள சிறு துளைகள் வழியாகத்தான் மருந்து நுழைய வேண்டும். 1884-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் கண்டுபிடித்த சாயமேற்றும் முறை பாக்டீரியாக்களை ஊதா, சிவப்பு என்று இரண்டாகப் பிரிப்பதும் இந்தக் கட்டுமான வேறுபாட்டால்தான். வான்கோமைசின் என்கிற பெரிய மூலக்கூறு அந்தத் துளைகளுக்குள் நுழையவே முடியாது, ஆகவே ஈ. கோலைக்கு வான்கோமைசின் வில்லை வைப்பது பொருளற்றது. சூடோமோனாஸ் இன்னும் பிடிவாதம். அதன் துளைகள் குறுகல். தப்பி நுழைந்த மருந்தையும் வெளியே இறைத்துத் தள்ளும் பம்புகள் அதன் சவ்வில் இருக்கின்றன. தீக்காயப் புண்ணில் பச்சை நிறச் சீழ் கண்டால் மருத்துவர்கள் கவலைப்படுவது அதனால்தான்.

இன்னொரு விஷயம். வட்டத்துக்குள் கிருமி செத்துப்போயிற்று என்றுதான் நாம் பேச்சுவாக்கில் சொல்கிறோம். பிளேட் அப்படிச் சொல்லவில்லை. அங்கே வளரவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது. வளர்ச்சி நின்றதா, உயிரே போயிற்றா என்று தெரிய வேறு சோதனை வேண்டும். திரவ ஊட்டத்தில் மருந்தின் அளவைப் பாதி பாதியாக்கிக்கொண்டே போய், எந்தக் குழாய்வரை கலங்கல் இல்லை என்று பார்ப்பார்கள். கலங்கல் இல்லாத கடைசி அளவுதான் குறைந்தபட்சத் தடுப்பு அளவு. அந்தத் தெளிந்த குழாய்களிலிருந்து ஒரு துளி எடுத்து மருந்தில்லாத பிளேட்டில் விட்டால், சும்மா முடங்கிக் கிடந்த கிருமி மறுபடி முளைக்கும், செத்தது முளைக்காது. ஆயிரத்தில் 999 பேர் போனால்தான் 'கொன்றது' என்பது கணக்கு. பென்சிலின் வகையும் ஜென்டாமைசினும் பொதுவாகக் கொல்கிற மருந்துகள். டெட்ராசைக்ளினும் எரித்ரோமைசினும் பெரும்பாலும் நிறுத்தி வைக்கிற மருந்துகள். மிச்சத்தை நம் உடம்பின் வெள்ளணுக்கள் பார்த்துக்கொள்ளும். இரண்டு வகையும் பிளேட்டில் ஒரே மாதிரி வட்டம்தான் போடும்.

இப்போது நம் கல்லூரிகளுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் நுண்ணுயிரியல், உயிர்த்தொழில்நுட்பம் படிக்கிற மாணவர்கள் ஆண்டுதோறும் செய்யும் புராஜெக்ட்களில் ஒரு பெரும் பகுதி இந்த வட்டங்கள்தான். செஞ்சி மலையடிவாரத்திலோ வீட்டுக் கொல்லையிலோ பறித்த குப்பைமேனி, துளசி, வேப்பிலை. காயவைத்துப் பொடித்து மெத்தனாலில் ஊறவைத்த சாறு. அகரில் துளை போட்டு ஊற்றி, அளந்து, பக்கத்தில் சிப்ரோஃப்ளாக்சசின் வில்லை. சாற்றுக்கு 16 மில்லிமீட்டர், சிப்ரோவுக்கு 28 என்றால் 'சாறு ஆன்டிபயாடிக்கில் பாதிக்கு மேல் திறன் கொண்டது' என்று முடிவுரை எழுதுவார்கள். ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் சாற்றில் 50 மைக்ரோலிட்டர் ஊற்றினால் துளைக்குள் போனது 5 மில்லிகிராம், அதாவது 5000 மைக்ரோகிராம். சிப்ரோ வில்லையில் இருப்பது 5 மைக்ரோகிராம். ஆயிரம் மடங்கு வித்தியாசம். எதிர்த்திசையிலும் பிழை வரும். செடியின் எண்ணெய்ப் பசையுள்ள நல்ல பொருள் ஒன்று நீர் நிறைந்த அகரில் பரவ முடியாமல் துளையிலேயே தங்கிவிட்டால், வட்டமே வராது. வேலைக்காகாத செடி என்று ஒதுக்கிவிடுவார்கள்.

அந்த மாணவர்களின் உழைப்பு எனக்குத் தெரியும். ஆட்டோகிளேவ் பக்கத்தில் வியர்த்து, பிளேட்டில் பூஞ்சை பிடித்தால் மறுபடி ஊற்றி, தேதி நெருங்கும்போது இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள். அந்த உழைப்புக்கு ஏற்ற சோதனை கஷ்டமானதும் அல்ல. வட்டம் வந்தால் அதை முதல் அறிகுறியாக மட்டும் எடுத்துக்கொண்டு, 96 குழி கொண்ட தட்டில் சாற்றைப் பாதி பாதியாக்கி, தடுப்பு அளவைக் கண்டுபிடித்தால் போதும். ஒரு தட்டு, ஓர் இரவு. சாறும் மருந்தும் அப்போது ஒரே அலகில், மில்லிலிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று, பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். வழிகாட்டும் ஆசிரியர்கள் இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஆய்வகத்தில் கேட்ட மருந்து உடம்பில் கேட்காமல் போவதும் உண்டு. டைஃபாய்டு கிருமிக்கு ஜென்டாமைசின் வில்லை வைத்தால் அழகான வட்டம் விழும். ஆனால் அந்தக் கிருமி நம் உடம்பில் செல்களுக்கு உள்ளே குடியிருக்கிறது. ஜென்டாமைசின் அங்கே சரிவர நுழைவதில்லை. அதனால் டைஃபாய்டுக்கு அந்த மருந்தை 'கேட்கும்' என்று ரிப்போர்ட் செய்யவே கூடாது என்று விதி இருக்கிறது, வட்டம் எவ்வளவு பெரிதானாலும்.

வட்டமே விழாத நிலை எப்படி இருக்கும் என்று உலகத்துக்குக் காட்டிய ஊர்களில் சென்னையும் ஒன்று. 2010-இல் லான்செட் குழும இதழில் வெளிவந்த ஆய்வின் முதல் ஆசிரியர், மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாக நுண்ணுயிரியல் துறையைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. என்டிஎம்-1 (நியூ டெல்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ்) என்கிற நொதியைச் சுமந்த கிருமிகள் சென்னையில் 44 இருந்ததாக அந்த ஆய்வு காட்டியது. கடைசிப் புகலாக வைத்திருந்த கார்பபெனம் மருந்துகளையும் வெட்டிப்போடுகிற நொதி அது. வேலை செய்ய அதற்குத் துத்தநாகம் வேண்டும். பெயரில் டெல்லி வந்ததால் எழுந்த சண்டையில் செய்தி கொஞ்ச காலம் அமுங்கிப்போனது. 2012-இல் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, மருந்துக்கு அடங்காத கிருமிகளைச் சமாளிப்பது பற்றிச் 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. 2014 மார்ச்சிலிருந்து சில முக்கிய ஆன்டிபயாடிக்குகள் அடங்கிய எச்1 அட்டவணை மருந்துகளை விற்றால் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று சட்டம் வந்தது.

கார்பபெனமை வெட்டும் இத்தகைய நொதி ஒரு கிருமியிடம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி இல்லாமலே ஒரு வழி உண்டு. சந்தேகப்படும் கிருமியைத் திரவ ஊட்டத்தில் கரைத்து, மெரோபெனம் வில்லை ஒன்றை அதற்குள் போட்டு நான்கு மணி நேரம் ஊறவிடுகிறார்கள். பிறகு வில்லையை எடுத்து, முன்பு சொன்ன எதிர்க்கத் தெரியாத ஈ. கோலை 25922 பரப்பிய பிளேட்டில் வைக்கிறார்கள். மறுநாள் 19 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வட்டம் விழுந்தால் மருந்து வில்லையிலேயே பத்திரமாக இருந்திருக்கிறது. 15-ஐத் தாண்டாவிட்டால், ஊறிய நேரத்திலேயே கிருமி மருந்தைத் தின்று தீர்த்துவிட்டது. இங்கே வில்லை, அகர், ஸ்கேல், பொறுமை இவை தவிர வேறொன்றும் தேவையில்லை.

என்டிஎம் கிருமிகளுக்கு எஞ்சியிருக்கும் சில மருந்துகளில் ஒன்று கொலிஸ்டின். சிறுநீரகத்தைப் பாதிக்கிற பழைய மருந்து. கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்ததை 2019 ஜூலையில்தான் மத்திய அரசு தடை செய்தது. இதற்கு வில்லைச் சோதனை உதவாது. மூலக்கூறு பெரிதாக இருப்பதால் அகரில் ஊர மறுக்கிறது, எதிர்க்கிற கிருமிக்கும் எதிர்க்காத கிருமிக்கும் ஏறத்தாழ ஒரே வட்டம் விழுகிறது. அதனால் வில்லையை அகரிலிருந்து எடுத்துத் திரவத்துக்குள்ளேயே போட்டுவிட்டார்கள். பத்து மில்லிலிட்டர் ஊட்டம் கொண்ட நான்கு குழாய்கள். முதலாவதில் வில்லை இல்லை, அடுத்ததில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, கடைசியில் நான்கு. வில்லை ஒன்றில் 10 மைக்ரோகிராம் இருப்பதால் மில்லிலிட்டருக்கு 0, 1, 2, 4 என்று அளவு தானாக வந்துவிடுகிறது. கிருமியைச் சேர்த்து ஓர் இரவு வைத்து, மறுநாள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்கள். இரண்டு வில்லை போட்ட குழாய் கலங்கியிருந்தால், அந்த நோயாளிக்குக் கொலிஸ்டினும் இல்லை.